தோழி கேட்ட பாட்டு

ரசனை மிகவும் அந்தரங்கமான உடைமை என்று நாம் நம்புகிறோம். நகை, நிலம், பெயர் என்று ஒரு பெண்ணிடமிருந்து எதை எடுத்துக்கொண்டாலும், அவளுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்பதை யாரும் பிடுங்கிவிட முடியாது என்று சொல்லிக்கொள்கிறோம். உங்களுக்கு மிகவும் பிடித்த பத்துப் பாட்டுகளை எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது உங்களிடம் எப்படி வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அக்கா முணுமுணுத்தது, விடுதி அறைத்தோழி இரவில் வைத்தது, பேருந்தில் யாரோ கேட்டது, பிரிந்துபோன ஒருவர் அனுப்பியது. யாரும் தராமல் தானாகக் கண்டெடுத்த பாட்டு என்று ஒன்றோ இரண்டோ மிஞ்சினால் அதிகம்.

அப்படியானால் 'என் ரசனை' என்று எதைச் சொல்கிறோம்? இன்னொருத்தியின் செவி வழியாக வந்ததை என்னுடையது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? என் செவிக்குள் வர யாருக்கு உரிமை?

பெண்களுக்கு இது பொழுதுபோகாமல் கேட்கும் கேள்வி இல்லை. வானொலிப் பெட்டியின் திருகு அப்பாவின் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். பிறகு டிவி ரிமோட் அண்ணன் கைக்குப் போனது. வீட்டில் ஒலிப்பதை எல்லோரும் கேட்டோம். ஒலிக்கவேண்டியதைத் தீர்மானித்தவர்கள் சிலர்தான். அந்த வீட்டுக்குள் வேறொரு பாட்டு நுழைந்தது என்றால் அது பெரும்பாலும் ஒரு தோழியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நுழைந்தது.

நான் மத்திகிரியில் குடியிருக்கிறேன். 1824இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குதிரைகளுக்காக ஏற்படுத்திய பண்ணையால் பெயர் பெற்ற ஊர். இன்று ஓசூர் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. சிப்காட் ஆலைகளுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஓடுகின்றன. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கன்னடப் பெயர்ப்பலகைகள். என் வகுப்புக்கு வரும் மாணவிகள் தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம், அஞ்செட்டிப் பக்கத்தவர்கள். வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது பேசிவிட்டு வகுப்பில் வந்து தமிழ் இலக்கியம் படிக்கிறவர்கள் பலர். இவர்களில் ஒருத்தியின் பாட்டுப் பட்டியலைப் பார்த்து இவள் இந்த மொழிக்காரி என்று யாராலும் சொல்லிவிட முடியாது. ஒயர் இயர்போன் இருந்த காலத்தில் வலது காது ஒருத்திக்கு, இடது காது இன்னொருத்திக்கு என்று டவுன் பஸ்ஸில் பங்கு போட்டுக் கேட்பார்கள். இப்போது ஒயர் இல்லாத இயர்பட்ஸிலும் அதே பங்கீடு நடக்கிறது. தமிழ்க்காரப் பெண்ணுக்குக் கன்னடப் பாட்டு அந்த இடது காது வழியாகத்தான் வந்திருக்கிறது. காவிரியின் பேரால் எல்லையில் பஸ்கள் நின்றுபோன நாட்களிலும் அந்தப் பாட்டு அவள் பட்டியலிலிருந்து போகவில்லை.

படிப்பு முடிந்து மின்னணு ஆலை ஒன்றில் சேர்ந்த மாணவி ஒருத்தி பார்க்க வந்திருந்தாள். அவள் கைபேசியில் நாக்புரிப் பாட்டுகள் இருந்தன. ஜார்க்கண்டில் பேசும் மொழி அது. இந்தப் பக்கத்து ஆலைகளுக்கு அங்கிருந்து வேலைக்கு வந்த பெண்கள் பலர் விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். "இது உனக்கு எப்படிம்மா கிடைச்சுது?" என்றேன். "ரூம்மேட் கேப்பா மேம். மொதல்ல ஒண்ணும் புரியல. என்னடி பாட்டு இதுன்னு கேட்டேன். கல்யாண வீட்டுல பாடறதுன்னு சொன்னா. அவ அக்கா கல்யாணத்துக்கு லீவு கெடைக்கலயாம், அன்னிக்கு ராத்திரி பூரா அதையே போட்டுக் கேட்டா. அதுலேர்ந்து எனக்கும் புடிச்சிப்போச்சு." அந்தப் பாட்டு ஒரு மொழியையும், ஒரு ஊரையும், கிடைக்காமல்போன ஒரு விடுப்பையும் சேர்த்துக்கொண்டு அவளிடம் வந்திருக்கிறது. அவளால் அதைத் தனியே பிரித்துக் கேட்க முடியாது.

பாட்டோடு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டு வருவது நமக்குப் புதிதில்லை. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் பாட்டுக்கு முன்னால் அதை விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயர்களை வாசிப்பார்கள். ராஜேஸ்வரி சண்முகம் போன்ற அறிவிப்பாளர்களின் குரலில் தன் பெயர் கடல் தாண்டி வருவதைக் கேட்கத் தபால் அட்டை போட்டவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். ஒரு பெண் தன் பெயரையும் ஊரையும் எழுதி, இந்தப் பாட்டு எனக்கு வேண்டும் என்று கேட்பது அன்றைக்குச் சின்னக் காரியம் இல்லை. அதற்குப் பிறகு கேசட் காலம். தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கடையில் கொடுத்தால் பதிந்து தருவார்கள். அந்தப் பட்டியலைத் தோழிகள் கூடி உட்கார்ந்து எழுதுவோம். ஒருத்தி சொன்ன பாட்டுக்கு இடம் கொடுக்க இன்னொருத்தி தன் பாட்டை விட்டுத்தருவாள். பிறகு மெமரி கார்டு, புளூடூத். எல்லாவற்றிலும் பாட்டு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியது. கொடுத்தவள் யார் என்று வாங்கியவளுக்குத் தெரியும்.

இந்த வாய்வழிப் பரிந்துரையை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கும் முயற்சி 1994இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் நடந்தது. உபேந்திர ஷர்தானந்தும் பேராசிரியர் பேட்டி மேஸும் உருவாக்கிய அதற்கு ரிங்கோ என்று பெயர். மின்னஞ்சலில் இசைக்கலைஞர்களுக்கு ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் போட்டு அனுப்பவேண்டும். உங்களைப் போலவே மதிப்பெண் போட்டவர்களை அது கண்டுபிடிக்கும். அவர்களுக்குப் பிடித்து, நீங்கள் இன்னும் கேட்காத கலைஞர்களை உங்களுக்குச் சொல்லும். வாய்ச்சொல்லைத் தானியங்கியாக்குவது என்று 1995இல் வந்த அவர்களது கட்டுரைத் தலைப்பே சொன்னது. இன்று ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஜியோசாவன் போன்ற சேவைகளின் பரிந்துரைகளுக்கு அடியில் எவ்வளவோ புதிய நுட்பங்கள் சேர்ந்திருக்கின்றன. அந்தப் பழைய யோசனையும் அவற்றில் இருக்கிறது. உங்களைப் போன்ற செவி உடைய யாரோ ஒருத்தி எங்கோ கேட்கிறாள். அவள் கேட்டது உங்களிடம் வருகிறது.

இதில் தோழியின் வேலை நடக்கிறது, தோழி இல்லை. திண்டுக்கல்லில் ஒருத்தியும் டொராண்டோவில் ஒருத்தியும் இரவு பதினொரு மணிக்குக் கேட்ட பாட்டுகள் என் பட்டியலைச் செய்கின்றன. அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தாங்கள் கொடுத்தது அவர்களுக்கும் தெரியாது. இது ஒரு விதத்தில் அழகான விஷயம்தான். முகம் தெரியாதவர்களோடு செவியைப் பகிர்ந்துகொள்வதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் என் மாணவி அறைத்தோழியிடம் "என்னடி பாட்டு இது?" என்று கேட்டாளே, அந்தக் கேள்வியை இங்கே யாரிடம் கேட்பது?

தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்குச் செவியால் கேட்பது, வினவுவது என்ற இரண்டு பொருளும் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். சங்க இலக்கியத்தில் அதற்கு மூன்றாவது பொருளும் இருக்கிறது: உறவு, நட்பு. கேள், கேளிர், கேண்மை. இவற்றின் வேர் ஒன்றா, வேறுவேறா என்பதை மொழியியலாளர்களிடம் விட்டுவிடுகிறேன். மூன்று பொருளும் ஒரே ஒலிக்குள் வாழ்ந்த மொழியில் படிக்கவும் எழுதவும் செய்கிறவளாக எனக்குத் தோன்றுவது இது: ஒருத்தி கேட்பதை நானும் கேட்கிறேன், ஏன் கேட்கிறாய் என்று அவளிடமே கேட்க எனக்கு உரிமை இருக்கிறது, அந்த உரிமைக்குத்தான் கேண்மை என்று பெயர். இயந்திரப் பரிந்துரையில் முதல் பொருள் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சுதந்திரமான மனிதர் என்றால் யாருடைய தாக்கமும் இல்லாமல் தானே தேர்ந்தெடுப்பவர் என்று ஒரு பழைய எண்ணம் உண்டு. பெண்ணியத் தத்துவவாதிகள் இதை நெடுங்காலமாக மறுத்துவருகிறார்கள். கத்ரியோனா மெக்கன்ஸியும் நடாலி ஸ்டோல்யரும் 2000இல் தொகுத்த 'உறவுசார் தன்னாட்சி' பற்றிய நூல் அந்த மறுப்பின் முக்கியமான தொகுப்பு. உறவுகளுக்கு வெளியே யாரும் தன்னை ஆள்வதில்லை. சில உறவுகள் நம்மை வளர்க்கின்றன, சில நம்மை அமுக்குகின்றன, பிரித்தறிவதுதான் வேலை என்பது அவர்கள் வாதத்தின் சாரம். பாட்டுக்கும் இது பொருந்தும். தோழி தந்த பாட்டு என்பதால் என் ரசனை கலப்படமாகிவிடாது. தந்தவள் எப்படிப்பட்டவள், எப்படித் தந்தாள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு இடமிருந்ததா என்பவைதான் கேள்விகள்.

தோழிகளின் செவி எப்போதும் நம்மை விரிக்கும் என்று சொல்ல மாட்டேன். 2006இல் மேத்யூ சல்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். இணையத்தில் 14,341 பேர் கலந்துகொண்டார்கள். அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாட்டுகள். சிலருக்குப் பாட்டு மட்டும் தெரிந்தது. மற்றவர்களைத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எதை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்பதையும் காட்டினார்கள். பிறர் கேட்டது தெரிந்த இடங்களில் பிரபலமான பாட்டு மேலும் பிரபலமானது, மற்றவை மேலும் கீழே போயின. ஒரு உலகத்தில் முன்னால் நின்ற பாட்டு இன்னொன்றில் பின்னால் கிடந்தது. பிறர் செவியைப் பார்த்து நம் செவி நகர்கிறது என்பது உண்மை; அது தரத்தைப் பார்த்து மட்டும் நகர்வதில்லை.

இந்த உண்மை எங்கள் மாவட்டத்தில் இன்னும் கசப்பானது. இங்கே நட்புவட்டம் என்பது பல நேரங்களில் சாதிவட்டம். சாதிப் பெருமை பேசும் பாட்டுகளைக் கம்பெனிகள் விளம்பரம் செய்து பரப்பவில்லை. திருவிழா ஒலிபெருக்கியிலும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும், மாமன் மச்சான் குழுக்களிலும் நண்பர்கள்தான் நண்பர்களுக்குக் கொடுக்கிறார்கள். 2018 நவம்பரில், சாதி மறுத்து மணந்து ஓசூரில் வாழ்ந்த ஓர் இளம் இணையர் கொல்லப்பட்டு, கர்நாடகத்தில் காவிரி ஆற்றில் உடல்களாகக் கண்டெடுக்கப்பட்டார்கள். ஒரு பாட்டு கொலை செய்யும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் யாரை மணக்கலாம், யாரை மணந்தால் மானம் போகும் என்பதைத் தாளம் போட்டுக் கேட்டுப் பழகிய செவிகள் நம்மிடையே இருக்கின்றன. அந்தப் பழக்கத்தை அவற்றுக்குக் கொடுத்தது நட்புதான். நண்பர் அனுப்பினார் என்பதால் ஒரு பாட்டு குற்றமற்றதாகிவிடுவதில்லை.

நட்பு பெண்குரலைத் தேடிப் போகும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பார்சிலோனாவின் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகமும் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. ஆராய்ந்த தரவுகளில் மக்கள் கேட்ட கலைஞர்களில் பெண்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். அவற்றைக் கொண்டு கணினி தயாரித்த பரிந்துரையில் முதலிடத்தில் ஆண். முதல் பெண் சராசரியாக ஏழாவது எட்டாவது இடத்தில்தான் வந்தாள். நாம் கேட்காததால் அது தருவதில்லை. அது தராததால் நாம் கேட்பதில்லை. பரிந்துரை வரிசையில் ஆண்களைச் சில இடங்கள் கீழே தள்ளினால் காலப்போக்கில் கேட்கும் பழக்கமே மாறும் என்றும் அவர்கள் கணினியில் செய்துபார்த்த ஒத்திகை காட்டியது. சுழற்சியை உடைக்க முடியும். யாராவது வேண்டுமென்றே உடைக்கவேண்டும். 2018இல் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் தொடக்கத்தில் இருந்த ஒரே பெண் இசைவாணி. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் தன் குரலை நிறுத்தியவர். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். அவர் குரலை என் வகுப்புக்குக் கொண்டுவந்தது எந்தச் செயலியும் இல்லை. பின்வரிசையில் உட்காரும் ஒரு மாணவி.

ஒரு பாட்டோடு நாம் சேர்த்து அனுப்பும் சொல்லும் முக்கியம். 2025 மே மாதம் 'தக் லைஃப்' பாடல் வெளியீட்டு விழாவில் சின்மயி 'முத்த மழை'யை மேடையில் பாடினார். திரைப்படத்தின் தமிழ் வடிவத்தைப் பாடியவர் தீ. மேடைக் காட்சி சில நாட்களில் கைபேசிக்குக் கைபேசி பரவியது. ஒரு பெண்ணின் குரலை இத்தனை பேர் தேடிக் கொண்டாடியது மகிழ்ச்சியான விஷயம். ஆனால் பல பகிர்வுகளில் கூடவே இன்னொரு பெண்ணை மட்டம் தட்டும் வரியும் இருந்தது. சின்மயியே தீயின் திறமையைப் புகழ்ந்து பேசவேண்டியிருந்தது. ஒருத்தியைத் தூக்க இன்னொருத்தியைக் கீழே போடவேண்டும் என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தது?

இதுவரை பாட்டைக் கொடுப்பது பற்றிப் பேசினேன். கேட்பது தெரிந்துபோவது இன்னொரு பக்கம். 2011இல் ஸ்பாட்டிஃபை முகநூலோடு கைகோத்தபோது, ஒருவர் கேட்கும் பாட்டெல்லாம் உடனுக்குடன் அவரது நண்பர்களுக்குத் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே ரகசியமாகக் கேட்கும் வசதியைச் சேர்த்தார்கள். 2021இல் வந்த 'பிளெண்ட்' இரண்டு பேரின் பாட்டுகளைக் கலந்து ஒரு பட்டியல் தருகிறது. இருவரின் ரசனையும் இத்தனை விழுக்காடு ஒத்துப்போகிறது என்றும் சொல்கிறது. பத்துப் பொருத்தம் பார்த்துச் சலித்த நாட்டில் இது பதினோராவது பொருத்தம் என்று மாணவிகள் சிரிக்கிறார்கள்.

அவர்களே சிரிக்காமல் சொன்னவையும் உண்டு. காதல் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் வீட்டில் "யார நெனச்சிக்கிட்டு இத கேக்குற?" என்று விசாரணை. சோகப் பாட்டு என்றால் "எவன் ஏமாத்துனான்?" ஸ்டேட்டஸில் ஒரு பாட்டு வைத்தால் மாலைக்குள் சித்தப்பாவிடமிருந்து போன். குடும்பத்துக்கே ஒரு கணக்கு என்றால், அவள் இரவில் கேட்டதன் தடம் காலையில் அண்ணன் திரையில் கிடக்கும். ஆண் கேட்கும் பாட்டு அவன் ரசனை. பெண் கேட்கும் பாட்டு அவள்மீதான சாட்சியம். இதனால் திருமணமான ஒருத்தி தன் பாட்டுகளைத் தோழியின் கணக்கில் சேர்த்துவைத்திருக்கிறாள். அந்தத் தோழிக்கு இப்போது வருகிற பரிந்துரைகளில் பாதி இவளுடைய ஏக்கங்கள்தான். "பரவால்ல மேம், அவளோடதுதானே" என்கிறாள் அந்தத் தோழி.

எனக்கு அகப்பாடல்களின் தோழி நினைவுக்கு வருகிறாள். தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்கிறது. பேச்சும் சூழ்ச்சியும் தூதும் காவலும் அவளுடையவை. அவளுக்கென்று ஒரு காதல், ஒரு பெயர் அங்கே இல்லை. அவள் உழைப்பில் தலைவியின் வாழ்க்கை நடக்கிறது. இதைக் கேள்வி கேட்காமல் அந்தப் பாடல்களை வகுப்பில் நடத்த எனக்கு மனம் வருவதில்லை. இன்றும் ஒரு தோழி தேடிக் கேட்டுச் சேர்த்த பட்டியல் நிறுவனத்துக்குச் சம்பளமில்லாத உழைப்பாகப் போகிறது. ஆனால் அந்தப் பழைய தோழியிடம் நான் கற்றுக்கொள்ள விரும்புவதும் ஒன்று இருக்கிறது. அறத்தொடு நிற்றல் என்ற துறை. தலைவியின் காதலை முதலில் அறிந்தவள் தோழி. அதைக் காத்துவைக்கிறாள். இனி மறைத்தால் தலைவிக்குக் கேடு என்ற கட்டத்தில் செவிலியிடம் சொல்கிறாள். செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தைக்கும் தமையருக்கும். எதை, யாரிடம், எப்போது வெளிப்படுத்துவது என்பதைத் தலைவியின் நன்மையை வைத்து முடிவு செய்கிறாள். இலக்கணம் அந்த வெளிப்படுத்தலை அறம் என்று அழைத்தது. செயலிக்கு இந்த அறம் தெரியாது. அதன் அமைப்பில் வெளிப்படுத்துவது ஒரு பொத்தான். பல நேரங்களில் நாம் தொடாமலே அது திறந்திருக்கும்.

ஆகவே என் விடை இது. பிறர் வழியாக வந்த ரசனையும் என்னுடையதுதான். அந்தப் பிறரிடம் நான் கேள்வி கேட்க முடிகிற வரை, பிடிக்கவில்லை என்று சொல்லியும் அவளோடு நட்பாயிருக்க முடிகிற வரை, நான் கேட்பதை அவள் காத்துவைப்பாள் என்று நம்ப முடிகிற வரை. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் அனுப்புவது இயந்திரமானாலும் நண்பரானாலும் நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

நாமும் சில பழக்கங்களை மாற்றிக்கொள்ளலாம். ஒரு பாட்டை அனுப்பும்போது வெறும் இணைப்பை அனுப்பாமல், ஏன் பிடித்தது என்று ஒரு வரி எழுதலாம். தோழியின் பட்டியலை இன்னொருவருக்குக் காட்டுமுன் அவளிடம் கேட்கலாம். நம் தெருவிலும் நம் சாதியிலும் நம் மொழியிலும் இல்லாத ஒருத்தியிடம் "நீ என்ன கேக்குற?" என்று கேட்கலாம். சாதிப்பாட்டு வந்தால் கடந்துபோகாமல், அனுப்பியவரிடம் எதற்கு அனுப்பினாய் என்று கேட்கலாம். நண்பரிடம் அதைக் கேட்க முடியும், செயலியிடம் முடியாது.

முதலில் எழுதச் சொன்ன பத்துப் பாட்டுகளில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் இருப்பவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஆள் இருக்கும் பாட்டுக்கு, கொடுத்தவளை ஒரு முறை போனில் கூப்பிடுங்கள். அவள் இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று விசாரியுங்கள்.